வாளியைக் கீழே வைக்காத மனுஷன்

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், முந்தானையையும் வேட்டியையும் முழங்காலுக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள், செம்மணல் தேரியில் ஆடிக்காற்று அடிக்கும்போது தள்ளி உட்கார்ந்த ஆள் காதில் மணல்தான் விழும், கதை விழாது.

நடுத்தேரிவிளையில் அந்த மாதம் எதுவும் இருந்த இடத்தில் இருக்காது. நேற்று மேடாக நின்ற செம்மணல் இன்றைக்குப் பள்ளமாகிக் கிடக்கும், ராத்திரி சாத்தின கதவைக் காலையில் தோண்டித்தான் திறக்க வேண்டும், ஆடுகள் நின்றபடியே மென்று நின்றபடியே தூங்கும், மனுஷரும் ஒரு வேலையைத் தொட்டு விட்டுவிட்டு இன்னொன்றைத் தொட்டு விட்டுவிட்டு அலைவார்கள். அந்த ஊரில் மணல் அதிகம் நகராத ஒரு மூலை பார்த்துப் பனங்கம்பு நட்டு, கிடுகு வேய்ந்து நின்றது முத்துமாலை டூரிங் டாக்கீஸ். அதில் படம் ஓட்டுகிறவன் கோயில்பிள்ளை, முப்பது வயது, தனிக்கட்டை, விரல் நுனியெல்லாம் ஃபிலிம் ஒட்டுகிற பசை காய்ந்து உரிந்துகொண்டிருக்கும். பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிக்கிறவள் தங்கபுஷ்பம், அவனுக்குப் பெரியம்மா மகள், அதனால் அக்கா. தினமும் தரை மணலில் தெளிக்கவும் பெண்களின் குடிபானையை நிரப்பவும் அவள்தான் தண்ணீர் சுமந்து வருவாள். பானைக்கு அடியில் வைக்கிற அவளுடைய சும்மாடு ஒரு பழஞ்சேலைக் கிழிசல், தலையில் வைத்தால் பிரியும், சுற்றினால் நழுவும். ஆனால் வாசலில் அவள் நின்றால் நின்றதுதான். வெளியே போய்விட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் பாதி டிக்கெட்டைக் காட்ட வேண்டும். ஒருமுறை சாமி வந்து ஆடிக்கொண்டே உள்ளே நுழைந்த பெண்ணிடமும் கேட்டிருக்கிறாள், சாமியும் மடியில் இருந்து எடுத்துக் காட்டியிருக்கிறது.

கோயில் கொடை விழாவுக்குப் பக்திப் படம் கேட்டு எழுதியிருந்தார்கள். பஸ்ஸில் வந்து இறங்கிய பெட்டி வேறு பெட்டி. மூடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் யாருக்கும் தெரியாத எழுத்து, பெட்டிக்குள் ஏழு தகர டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு எண். எண்ணாவது நம்ம எண்ணாக இருக்கிறதே என்று கோயில்பிள்ளை நிம்மதிப்பட்டான். ஒரு டப்பாவில் இருந்த எண்ணுக்கு மூக்கு நீளமாக வளைந்திருந்தது. அது ஏழு என்று வைத்தான். இன்னொன்றில் எண்ணின் இடுப்பில் ஒரு கோடு இழுத்திருந்தது. தப்பாக எழுதி அடித்திருக்கிறான், மிச்சம் இருப்பது ஒன்று, ஆகவே இதுதான் ஒன்று என்று வைத்தான். எழுதினவன் ஊரில் மூக்கு வைத்ததுதான் ஒன்று, இடுப்புக் கோடு போட்டதுதான் ஏழு என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கடைசி ரீலை முதலிலும் முதல் ரீலைக் கடைசியிலும் வைத்து முதல் ஆட்டத்தைத் தொடங்கிவிட்டான்.

படம் பழைய படம், நிறமெல்லாம் வெளிறிச் சிவப்பு மட்டும் மிஞ்சியிருந்தது, அதனால் திரையில் இருந்த மணலும் தேரி மணலும் ஒரே மணலாகத்தான் தெரிந்தது. பாட்டில்லை, கோமாளியில்லை, முத்தமில்லை. வறண்ட ஊர், நடுவில் ஒரு கிணறு, கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் வெறும் பானையோடு வரிசையில் நிற்கிறார்கள். தொப்பி வைத்த ஒரு மனுஷன் வாளியை இறக்கி, இறைத்து, ஒவ்வொரு பானையாகக் கடைசிப் பானை வரைக்கும் ஊற்றுகிறான். கூரையில் நாலு பேர் எழும்பித் துப்பாக்கியை நீட்டுகிறார்கள். அவன் பார்க்கிறான், இடுப்பில் துப்பாக்கி இருந்தும் எடுக்கவில்லை, வாளியையும் கீழே வைக்கவில்லை. சுடுகிறார்கள். விழுகிறான், கையில் வாளி அப்படியே இருக்கிறது. அவனுடைய குதிரை மட்டும் தனியாக, வந்த வழியே நடந்து போகிறது. அதோடு ரீல் தீர்ந்து விளக்கைப் போட்டார்கள், ஏனென்றால் டாக்கீஸில் இருந்தது ஒரே ஒரு மெஷின், ரீலுக்கு ரீல் மாற்ற வேண்டும்.

அடுத்த ரீலில் அதே மனுஷன் உயிரோடு அந்த ஊர்த் தெருவில் நடந்தான். ஒருத்தரும் அதிசயப்படவில்லை. அந்தப் பக்கத்தில் எந்தக் கதைதான் வேறு மாதிரி? சாமிகளில் பாதிப் பேர் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள், வஞ்சித்துக் கொல்லப்பட்டவர்கள். பிறந்ததும் வளர்ந்ததும் நாலு வரியில் போய்விடும், கொலை விழுந்த பிறகுதான் கதை தொடங்கும், செத்தவன் எழும்பி வந்து ஊருக்குள் நடப்பான், கேட்க வேண்டியதைக் கேட்பான். ஆகவே செத்த மனுஷன் நாலு ரீல் ஐந்து ரீலாகத் தெருவில் நடந்து, கிணற்றைப் பூட்டி வைத்த பண்ணையாரிடம் முறைத்து, அடிபட்டு, கோயில் படியில் தனியாக உட்கார்ந்து, கடைசியில் எங்கோ அடிவானத்தில் புள்ளியாகக் கிளம்பிக் குதிரையில் கிட்டக் கிட்ட வந்து ஊருக்குள் நுழைந்ததும் பெண்கள் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வந்துட்டாரு பாருட்டி" என்றது. ஆண்கள் பக்கத்தில் சாமியாடி பேச்சிமுத்துவுக்கு அருள் வந்து நாலு பேர் பிடித்து உட்கார வைத்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. அந்த மனுஷன் படம் பூராவும் ஒரே வார்த்தையைத்தான் அடிக்கடி சொன்னான். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி, எட்டிப் பார்க்கிற பெண்ணிடம், "ஆக்வா" என்றான். பெண்கள் பக்கத்துக்கு அது "அக்கா" என்று விழுந்தது. அந்நிய தேசத்தான், துப்பாக்கி கட்டினவன், பார்த்த பெண்ணையெல்லாம் அக்கா என்கிறானே என்று உருகிப்போனார்கள். ஒரு வாரம் கூட்டம் குறையவில்லை.

பதினோராம் நாள் கடைசி ரீலில் அவன் வழக்கம்போலப் புள்ளியாகக் கிளம்பி, எறும்பாகி, காக்கையாகி, குதிரையும் மனுஷனுமாகத் திரை நிறைய வந்தான். ஃபிலிம் தீர்ந்து வால் படபடவென்று அடித்தது, திரை வெள்ளையானது. சரியான வரிசையாக இருந்தால் இரண்டாவது ரீல் அவனை வாங்கிக்கொண்டிருக்கும். இங்கே அவனுக்கு முன்னால் ரீல் இல்லை, பாதை மட்டும் இருந்தது, குதிரை நிற்கவில்லை. கொடியில் காய்கிற ஈரச்சேலையை மாடு முட்டிக்கொண்டு வருவதுபோல் துணி உப்பியது, அவன் வெளியே வந்தான். முன்னால் உட்கார்ந்திருந்த தரை டிக்கெட்காரர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள், "தலை மறைக்கி, ஒதுங்குங்கடே" என்று சத்தம் போட்டார்கள். குதிரை நேராகப் பெண்கள் பக்கம் போய் நின்றது. அவன் வாய் அசைந்தது, கண்ணிமைக்கிற நேரம் கழித்துச் சத்தம் வந்தது. "ஆக்வா."

தங்கபுஷ்பம் குடிபானையில் மொண்டு நீட்டினாள். மூன்று செம்பு குடித்தான்.

"யக்கா, வாய் முந்திப் போவுது, சத்தம் பொறத்தால வருது" என்றான், கேபினில் இருந்து இறங்கி ஓடி வந்த கோயில்பிள்ளை.

"எம்புட்டுத் தூரத்துல இருந்து வாராரு. சத்தம் நடந்து வரண்டாமா?" என்றாள் அவள்.

மறுநாள் ஊர் கூடியது, அவன் எங்கிருந்து வந்தான் என்று கேட்பதற்கு அல்ல, அது எல்லோரும் பார்த்ததுதானே, அவன் யாருடைய ஆள் என்று தீர்ப்பதற்கு. உபதேசியார் மாசிலாமணி, "சாப்பிடும் முன்ன நெஞ்சுல சிலுவை போடுதாரு, எங்க ஆளு" என்றார். பேச்சிமுத்து, "கெணத்தடியில குண்டடி பட்டுச் செத்தவரு, படையல் வாங்க வேண்டியவரு, எங்க ஆளு" என்றான். மத்தியானம் வரை பேசி, ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரின் கோயில் வாசலில் குதிரை மேலேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை படையல் வாங்கட்டும், மற்ற நாள் டாக்கீஸ் ஆள் என்று முடிவானது. படையலில் அவன் அவித்த முட்டையை மட்டும் எடுத்துக்கொண்டான், சுருட்டைக் காதில் செருகிக்கொண்டான். அவன் திரும்பினால் எங்கிருந்தோ, படத்தில் வந்த மாதிரியே, ஒரு சீழ்க்கையும் அதற்குப் பின்னால் ஒரு மணியும் கேட்கும். முதலில் ஆடுகள் மிரண்டன, பிறகு ஆட்டுக்காரர்கள் அதை வைத்தே அவன் எந்தத் தெருவில் நிற்கிறான் என்று சொல்லிவிடுவார்கள். குதிரைக்குப் பனம்பழம் பிடித்துப்போய் மூஞ்சியெல்லாம் மஞ்சளாக அலைந்தது.

அவன் ஒரே ஒரு வேலைதான் செய்தான். விடிந்ததும் ஊர்க்கிணற்றுக்குப் போய் வாளியை எடுப்பான், கடைசிப் பானை நிறைகிற வரைக்கும் கீழே வைக்க மாட்டான். எந்தத் தெருப் பானை, எந்த வீட்டுப் பானை என்று கேட்க மாட்டான், முதலில் வந்த பானைக்கு முதலில் ஊற்றுவான். அந்தக் கிணற்றில் அது வழக்கமில்லை. கீழத்தெருப் பெண்கள் தள்ளி நின்று மற்றவர்கள் போன பிறகுதான் வர வேண்டும். இரண்டாம் நாள் பெரிய வீட்டு ஆள் ஒருவர், "ஓய், அந்தப் பானைக்குப் பொறவு ஊத்தும்" என்றார். அவன் திரும்பிப் பார்த்தான். சீழ்க்கை எழும்பியது, மணி அடித்தது, பெரிய வீட்டு ஆளுக்கு வீட்டில் ஏதோ வேலை ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு அப்புறம் வரிசை ஒரே வரிசையானது. பெண்கள் அவனை வாளிக்காரர் என்றார்கள். தங்கபுஷ்பம் மட்டும் தம்பி என்றாள், கூப்பிட்டவன் அக்கா என்றுதானே கூப்பிட்டான்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கோயில்பிள்ளை ஒருவனைத் தவிர. அவன்தான் தினமும் மெஷின் ஓட்டையில் கண் வைத்துப் பார்க்கிறவன். படத்தில் அந்த மனுஷன் இல்லாத இடமெல்லாம் ஓட்டையாக இருந்தது. கதவுகள் தாமாகத் திறந்து யாருமில்லாத வாசலைப் பார்த்தன. பண்ணையார் காற்றை முறைத்தார். முதல் ரீலில் கறுப்புத் துணிப் பெண்கள் வெறும் பானையோடு நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள், ஊற்ற ஆளில்லை. கூரையில் நாலு பேர் எழும்பினார்கள், சுட ஆளில்லை, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் வெளியே வந்த மூன்றாம் நாள் அவர்கள் கூரையில் இல்லை. அடுத்த ரீல்களில் வீடு வீடாக நுழைந்து கட்டிலுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் நாள் கடைசி ரீலில், அவன் வந்த அதே பாதையில், அடிவானத்தில் நாலு புள்ளி.

கோயில்பிள்ளை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. பசை டப்பாவைத் திறந்து திறந்து மூடினான். நாலு புள்ளி மறுநாள் நாலு எறும்பு, அதற்கு மறுநாள் நாலு காக்கை. பாய் விரித்துப் படுத்தாலும் குளம்புச் சத்தம் கேட்டது, எழுந்து பார்த்தால் கிடுகை அடிக்கிற காற்று. எட்டாம் நாள் தொப்பி தெரிந்தது. அன்றைக்கு டைனமோ பழுது என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தான். விளக்கே இல்லாத திரை தானாக உப்பி உப்பி அமர்ந்தது, காலையில் அதன் அடியில் ஒரு மரக்கால் மணல் குவிந்திருந்தது. தேரியின் சிவப்பு மணல் இல்லை, மங்கின மஞ்சள் மணல், திரைக்கு அந்தப் பக்கத்து மணல்.

அதற்கு மேல் தாங்காமல் தங்கபுஷ்பத்திடம் போய் நின்றான். "யக்கா, நாந்தான அவரைத் தெனமும் மொத ரீல்ல கொன்னது? தெரியாமக் கொன்னேன். இப்போ தெரிஞ்சி நாலு பேரைக் கூட்டிட்டு வாரேன். இன்னும் மூணு ஆட்டம், துணிக்கு இந்தப் பக்கம் வந்துருவானுவ."

அவள் மணலில் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை. "அவருக்குத் தெரியும்லே. சாயங்காலமானா துணிகிட்டப் போயி தடவித் தடவிப் பாக்காரு, பாக்கலியா நீ? உள்ள போவணும்னுதான் நிக்காரு."

"எதுக்கு? சாவதுக்கா?"

"அங்க அம்புட்டுப் பொம்பளையளும் வெறும் பானையோட நிக்காளுவ. எனக்கே பொறுக்கல, அவருக்கு எப்படிப் பொறுக்கும்?"

அது எல்லாப் பெண்களுக்கும் பொறுக்காமல்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவர்கள் ஆளுக்கு ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து திரைக்கு அடியில் வரிசையாக வைத்தார்கள். காலையில் குடங்கள் நிரம்பினபடியே இருந்தன, மேலே மஞ்சள் தூசி படிந்திருந்தது. வாளிக்காரர் குதிரையை விட்டு இறங்கி அந்தக் குடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சீழ்க்கை வரவில்லை.

அன்றைக்கு மத்தியான பஸ்ஸில் மதுரையில் இருந்து படக் கம்பெனி ரெப் வந்து இறங்கினார். ஜெகதீசன் என்று பேர், வெள்ளைச் சட்டை, கைக்குட்டையை மூக்கில் கட்டியிருந்தார். பெட்டி மாறிப் போய்விட்டது, மதுரையில் சினிமா சங்கத்துக்காரர்கள் ஒரு மாதமாகக் காத்திருக்கிறார்கள் என்றார். "இத்தாலிக்காரன் எடுத்த குதிரைப் படம். நாலு பேர் நாப்பது பேரைச் சுடுற படம் இல்ல இது, அழுத்தமான படம். அதனாலயே யாருக்கும் தெரியாமப் போச்சு. உலகத்துல நாலஞ்சு பெட்டிதான் மிச்சம்னு சொல்றாங்க. பாத்தவன் கொஞ்சம் பேர், பாத்தவன் எவனும் மறக்கல." டப்பாக்களை எடுத்துப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த வரிசையைப் பார்த்தார். "எவன்யா இதை இப்படி ஓட்டினது? மூக்கு வெச்சது ஒண்ணு. கோடு போட்டது ஏழு. கடைசியில அந்தாளு செத்துப்போறான்யா."

சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். உபதேசியார்தான் கேட்டார். "செத்துப்போறாரு. பொறவு?"

"பிறகு என்ன? அவ்வளவுதான், படம் முடிஞ்சது."

"அதெப்படிங்க முடியும்?" என்றான் பேச்சிமுத்து. "செத்தாத்தான ஆரம்பிக்கும்?"

ரெப் அவனை மேலும் கீழும் பார்த்தார். குதிரை மேல் இருந்த வாளிக்காரரையும் பார்த்தார், ஏதோ நாடகக்காரன் என்று நினைத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் முன்னால் வந்து, "சார், ஆக்வான்னா அவிய ஊர்ல என்ன சார்?" என்றாள்.

"தண்ணி. தண்ணிம்மா."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். இத்தனை நாள் அக்கா என்று கேட்டது தண்ணீரா என்று ஒருத்திக்கு அழுகையே வந்துவிட்டது. தங்கபுஷ்பம் அவள் தோளைத் தட்டினாள். "இருக்கட்டும்ட்டி. அக்காகிட்டக் கேக்காம யாருகிட்டக் கேப்பான்?" என்றாள்.

ஃபிலிம் அறுந்திருக்கிறதா, கீறியிருக்கிறதா என்று முழுக்க ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் பெட்டியை எடுத்துப்போக முடியாது என்றார் ரெப். இன்றைக்கு முதல் ஆட்டம், ஒன்றில் இருந்து ஏழு வரை, சரியான வரிசையில், தானே உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் சாக்பீஸால் பெரிதாக எண் போட்டுக் குடிதண்ணீர் தேடிப் போனார். கோயில்பிள்ளை ஏழு என்று எழுதின டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, எனக்குக் கை வரல. மெஷினைச் சுத்துறது நானு. குண்டு என் கையாலதான் போவும்."

"ஏலே, அவரு உள்ள போவணும்னா ஒண்ணுல இருந்துதான் வாசல். போயி, ஒவ்வொரு ரீலா நடந்து, தண்ணி ஊத்தணும். அது வரைக்கும் நீ ஒழுங்கா ஓட்டு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆறு முடிஞ்சி ஏழு மாத்துத இடைவெளில அவரும் ஏழாவது டப்பாக்குள்ளதான் இருப்பாரு, அந்த நாலு பேரும் அங்கதான் இருப்பானுவ. ஃபிலிமை லைட்டுக்கு நேராப் பிடி. எது எங்க இருக்குன்னு ஒன்னை விட யாருக்குத் தெரியும்? கூரைல எழும்புதானுவல்லா, அங்க ஒரு வெட்டு. அவரு விழுந்து முடிஞ்ச எடத்துல ஒரு வெட்டு. ரெண்டு முனையையும் ஒட்டிரு."

"ரெப் பக்கத்துல நிப்பாரே."

"அவரை நான் பாத்துக்கிடுதேன்."

சாயங்காலம் காற்று பனைமரத்தை எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தது. ஊர் முழுக்க டாக்கீஸில் இருந்தது. மூக்கு வைத்த ஒன்று ஓடத் தொடங்கியதும் திரையில் அந்தப் பாதை வந்தது, பாதையில் நாலு முதுகு. துப்பாக்கிக்காரர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள். வரிசை சரியாகிவிட்டால் அவனவன் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா, ஏழாவது ரீலின் கூரைக்கு அவர்கள் இப்போதே கிளம்பினால்தான் ஆகும். அவர்கள் தலை மறைந்ததும் வாளிக்காரர் தரை டிக்கெட்டின் நடுவே குதிரையை நடத்தி வந்தார், ஜனம் காலை மடக்கி வழிவிட்டது. பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பினார். ஒருத்தி மடியில் இருந்து நாலு பனம்பழத்தைக் குதிரையின் சேணப்பையில் போட்டாள். துணி விலகிச் சேர்ந்தது. திரையில் அவர் சின்னதாகிப் பாதையில் போனார், குதிரையின் வாயில் மட்டும் மஞ்சள் ஒட்டியிருந்தது.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கதவுகளைத் தட்டினார், ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பண்ணையார் அவரை முறைத்தார். ஐந்தாவதில் அடிபட்டார், ஆண்கள் பக்கம் பல்லைக் கடித்தது. ஆறாவதில் கோயில் படியில் உட்கார்ந்து, காதில் செருகியிருந்த சுருட்டை எடுத்துப் பற்ற வைத்தார். ரீல் தீர்ந்தது. விளக்கைப் போட்டார்கள். ரெப் கொட்டாவி விட்டுக்கொண்டு சோடா குடிக்க எழுந்தார். ஆண்கள் வாசலில் பேச்சிமுத்து கூட்டமாக ஆட்களை நிறுத்தியிருந்ததால் பெண்கள் வாசல் வழியாக வெளியே போனார். சோடா குடித்து, முகத்தைத் துடைத்து, அதே வழியில் திரும்பி வந்தார்.

தங்கபுஷ்பம் கையைக் குறுக்கே நீட்டினாள். "பாதி டிக்கெட் காட்டுங்க சார்."

"என்னம்மா, நான் கம்பெனி ஆளு."

"கம்பெனி ஆளா இருங்க சார். வெளிய போனவிய பாதி டிக்கெட் காட்டணும்."

"நான் டிக்கெட்டே வாங்கலியேம்மா."

"டிக்கெட் வாங்காமலா ஆறு ரீல் பாத்தீய?" என்று அவள் சத்தத்தை உயர்த்தவும், பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "மதுரைல அப்படித்தான் போலுக்கு" என்றாள் ஒருத்தி. "வெள்ளைச் சட்டை போட்டா வாசல் தானாத் தொறக்கும் போலட்டி" என்றாள் இன்னொருத்தி. ரெப் சட்டைப்பையைத் துழாவினார், அடையாளச் சீட்டை எடுத்தார், அதை எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தங்கபுஷ்பம் விளக்கின் கீழே போய் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள், ஜ என்ற எழுத்தில் வெகுநேரம் நின்றாள்.

கேபினில் கோயில்பிள்ளை ஃபிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்தான். நகம் அளவு சதுரத்தில் வாளி இறங்கிற்று, ஏறிற்று. முதல் பானை, இரண்டாவது பானை, விரலால் எண்ணிக்கொண்டே போனான். கடைசிப் பானை நிறைந்த சதுரத்துக்கு அடுத்த சதுரத்தில் கூரையில் நாலு தொப்பி எழும்பியிருந்தது, நாலு பேரும் கோயில்பிள்ளையையே பார்த்தார்கள். பிளேடை வைத்து இழுத்தான். விழுந்த மனுஷன் கைவாளி மண்ணில் கிடக்கிற இடம் வரை உருவி, அங்கே ஒரு வெட்டு. சுரண்டினான், பசை தடவினான், இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்து, காயட்டும் காயட்டும் என்று ஊதினான். கீழே தரை டிக்கெட் விசிலடித்தது. வெட்டின துண்டு காலடியில் சுருண்டு சுருண்டு நெளிந்தது, அதன் மேல் பாதத்தை வைத்து மிதித்துக்கொண்டே ஏழாவதை மாட்டினான்.

ரெப் உள்ளே வந்து உட்காரவும் கிணறு வந்தது. அவர் இறைத்தார். கறுப்புத் துணிப் பெண்கள் இத்தனை நாள் காய்ந்த பானையை நீட்டினார்கள், அவர் ஊற்றினார், அவர்கள் குனிந்து முகம் நனைய நனையக் குடித்தார்கள், இந்தப் பக்கம் இருந்த பெண்களுக்கும் தொண்டை ஏறி இறங்கியது. கடைசிப் பானை நிறைந்தது. அவர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

படம் ஒரு துள்ளுத் துள்ளியது. கூரையில் யாருமில்லை. குதிரை தனியாக நடக்கத் தொடங்கியிருந்தது. அவர் கையில் இருந்த வாளியைப் பார்த்தார், அதைக் கிணற்றின் சுவரில் வைத்தார், மெல்ல, ஒரு பாத்திரத்தை முதன்முதலாகக் கீழே வைக்கிறவர்போல் வைத்தார். நாலு எட்டில் குதிரையைப் பிடித்து ஏறினார். பாதையில் வெகுதூரம் போய், காக்கை அளவாகி, எறும்பு அளவாகி, அங்கே நின்று திரும்பினார். வாய் அசைந்ததோ என்னவோ, அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. திரை வெள்ளையானது, ஜனம் எழுந்து மணலைத் தட்டியது, அப்போதுதான் சத்தம் வந்து சேர்ந்தது. இந்தமுறை நடுவில் இருந்த அந்த வகரம் இல்லை. எல்லாப் பெண்களும் கேட்டார்கள். "அக்கா."

"ஏன்யா, செத்துப்போவான்னு படிச்சேனே" என்றார் ரெப்.

"படிச்ச இடத்துல மூக்கு வெச்சி எழுதியிருப்பானுவ சார்" என்றான் கோயில்பிள்ளை.

விடிந்ததும் ரெப் பெட்டியோடு பஸ் ஏறினார். துளிக் காற்றும் இல்லை. கிணற்றடியில் பெண்கள் தாங்களே இறைத்துக்கொண்டார்கள், வரிசை ஒரே வரிசையாகத்தான் நின்றது, பெரிய வீட்டு ஆள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார், எதற்கும் காதைத் தீட்டிக்கொண்டே போனார். கோயில்பிள்ளை அந்தத் துண்டு ஃபிலிமைக் கிணற்றடிக்குக் கொண்டுவந்தான். முப்பது அடி இருக்கும், கையில் நிற்காமல் பாம்பாக நெளிந்தது, உள்ளே நாலு பேரும் துப்பாக்கியை நீட்டினபடி சுட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டியை எடுத்தான்.

தங்கபுஷ்பம் அவன் கையைப் பிடித்தாள். "கூறு கெட்டவனே. எரிச்சா நாலு சாவு. நாலு பேரும் நாளைக்குச் சாமியா வந்து ஊருக்குள்ள நிப்பானுவ, ஒனக்குப் படையல் போட முடியுமா?"

அவன் தீப்பெட்டியை மடியில் செருகினான். அவள் தன் தலையில் இருந்து பிரிந்துபோன பழஞ்சேலைக் கிழிசலை எடுத்து உதறினாள். ஃபிலிமை இடது கை விரல்களைச் சுற்றி ஒன்று, இரண்டு என்று இறுக்கிச் சுற்றினாள், துப்பாக்கி துப்பாக்கியின் மேல் படிகிற மாதிரி சுற்றினாள், மேலே கிழிசலை வரிந்து கட்டினாள். நல்ல கனமான, நழுவாத சும்மாடு. அதைத் தலையில் வைத்து, நிறைந்த பானையைத் தூக்கி அதன் மேல் ஏற்றினாள். உள்ளே என்னவோ உதைத்தது, பானை தளும்பி இரண்டு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது.

"சும்மா கெடங்கலே" என்று சொல்லிக்கொண்டே, பெண்கள் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டு போனாள்.